ஓட்டுப் போடும் வயசு

ஜனவரி 2, வெள்ளி

அவர் போன் இன்றைக்கும் சத்தம் போட்டது.

அரிசி டிரம் மேல் வைத்திருக்கிறேன். 'டிங்' என்று ஒரே ஒரு தடவை. நான் அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தேன், கை முழுக்க மாவு. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடினால் யாரும் இல்லை. பச்சை இலை படம் போட்டு ஒரு வரி வந்திருந்தது: "உங்கள் பதிலுக்கு ஒருவர் ஓட்டுப் போட்டிருக்கிறார்."

எலெக்‌ஷன் எப்போது வந்தது என்று குழம்பிப்போனேன். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் இளஞ்சியத்தைக் கூப்பிட்டேன்.

"அம்மா, அது மாடிக்கொல்லை. மாடியில செடி வச்சிருக்கவங்க கேள்வி கேக்குற இடம். அப்பா அதுல பதில் சொல்லிக்கிட்டே இருப்பாருல்ல. எப்பவோ சொன்னத இப்ப ஒருத்தர் படிச்சிட்டு, நல்லாருக்குன்னு அமுக்கியிருக்காரு. அதான் சத்தம்."

"அவரு போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சேடி."

"பதில் போகலையேம்மா."

போனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பார். படம் பார்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த டைரி அவர் சங்கத்தில் கொடுப்பது. பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வருஷா வருஷம் வீட்டுக்கு வந்துவிடும். இந்த வருஷமும் ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். வீணாகப் போகக்கூடாது என்று நான் எழுதுகிறேன். அஞ்சாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் இருக்கட்டும்.

ஜனவரி 4, ஞாயிறு

மாடியில் தண்ணீர் ஊற்றிவிட்டு, பெயின்ட் வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் போனைத் திறந்தேன். அவர் பேர் அங்கே 'கண்டக்டர் சோணை'. எவ்வளவு பதில்! எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார். "கத்தரிக்கு உச்சியைக் கிள்ளிவிடுங்கள். சில்லறை சில்லறையாகக் காய்க்காமல் மொத்தமாகக் காய்க்கும்." கண்டக்டர் புத்தி எங்கே போகும்?

புடலைக் கொடியில் இன்னும் ரெண்டு காய் தொங்குகிறது. அவர் போட்ட விதை. முதல் காயைப் பறித்ததும் என் முகத்துக்கு நேரே பிடித்து, "எப்படி?" என்று கேட்பார். "ம்" என்பேன்.

ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் மேல் பக்கம் ஒரு அம்பு, கீழ்ப் பக்கம் ஒரு அம்பு. கீழே போக வேண்டுமென்றால் கீழ் அம்பைத்தானே அமுக்க வேண்டும்? அமுக்கினேன். நகரவில்லை. விரலால் தள்ளிவிட்டு அடுத்ததில் அமுக்கினேன். அப்படியே மற்றவர்கள் பதிலையெல்லாம் அமுக்கி அமுக்கிப் படித்துக்கொண்டே கீழே போனேன். நல்ல பொழுது.

ஜனவரி 5, திங்கள்

காலையிலிருந்து அவர் போன் டிங் டிங் என்று ஒரே ரகளை. எடுத்துப் பார்த்தால் ஆளாளுக்குக் கேள்வி.

"கண்டக்டர் ஐயா, ரெண்டு மாசமா ஆளைக் காணோம். வந்ததும் வராததுமா எனக்குக் கீழ் ஓட்டா?"

"நான் சொன்ன வேப்பம்புண்ணாக்குல என்ன தப்பு ஐயா?"

"பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டுட்டீங்களே!"

இளஞ்சியத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பேசவே இல்லை. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். பார்த்தால் சிரிப்பு. மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

"அம்மா! கீழ் அம்புன்னா 'இது சரியில்ல'ன்னு அர்த்தம். அப்பா பேருல ஊரையே திட்டி வச்சிருக்க!"

அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாய்த் திரும்ப அமுக்கி எடுத்துவிட்டேன். பிறகு எல்லாருக்கும் பொதுவாக எழுதினேன்: "வீட்டிலிருந்து கை பட்டுவிட்டது. மன்னிக்கவும்."

வேறு எதுவும் எழுதவில்லை.

உடனே ஒருத்தர், "வீட்டம்மாவுக்கு வணக்கம். ஐயாவை ரொம்ப வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லுங்கம்மா" என்று போட்டார்.

"சொல்கிறேன்" என்று பதில் போட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

மாடிக்கொல்லையில் ஒரு அறிவிப்பு. பழையது சேர்ந்து இடம் அடைக்கிறதாம். ஒரு ஓட்டுக்கூட வாங்காத பதில்களை இந்த மாசக் கடைசியில் எடுத்துவிடப் போகிறார்களாம்.

அவருடைய பதில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒன்றோ ரெண்டோ இருக்கிறது. கடைசியாக எழுதின ஒன்றுக்கு மட்டும் முட்டை. ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வாரம் எழுதியது. திண்டுக்கல்லில் இருக்கும் 'மொட்டைமாடி ஸ்டெல்லா' என்கிறவர் கேட்டிருக்கிறார்: போன தடவை புடலங்காய் எல்லாம் பாம்பு மாதிரிச் சுருண்டுவிட்டது, இந்தத் தடவை விதை போடப் போகிறேன், நேராக வளர என்ன செய்ய? அதற்கு இவர் கல் கட்டுவது பற்றி எழுதியிருக்கிறார். எந்தக் கல், எந்தக் கயிறு என்றெல்லாம். நாலு பேருக்குப் பயன்படும். அழியக்கூடாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

அவர் போனிலிருந்தே மேல் அம்பை அமுக்கினேன். "உங்கள் பதிலுக்கு நீங்களே ஓட்டுப் போட முடியாது" என்றது. நியாயம்தான்.

"உன் போன்ல உன் பேருல சேந்துக்கம்மா" என்றாள் இளஞ்சியம். "ஆனா சேந்த உடனே ஓட்டுப் போட விடமாட்டாங்க. பதினெட்டுப் புள்ளி வரணும். ஓட்டுப் போடுற வயசு மாதிரி."

"புள்ளி யாரு தருவா?"

"நீ நல்ல பதிலாச் சொன்னா மத்தவங்க உனக்கு ஓட்டுப் போடுவாங்க. ஒரு ஓட்டுக்கு மூணு புள்ளி ஏறும். இல்லன்னா என் பிரெண்டுங்க யாராவது இருக்காங்களான்னு கேக்கவா? அப்பா பதிலுக்கு ஒரு அமுக்கு அமுக்கச் சொல்லிடலாம்."

"வேணாம். கேட்டு வாங்குனா அது ஓட்டா? வீட்டு வாசல்ல வந்து கவர் குடுத்துட்டுப் போறானுங்களே, அந்தக் கதை."

ஜனவரி 9, வெள்ளி

சேர்ந்துவிட்டேன். பேர்: சீனியம்மாள், மதுரை. வயசு அறுபத்தொன்று. ஓட்டுப் போட வயசு பத்தாது.

ஜனவரி 12, திங்கள்

மூன்று கேள்விக்குப் பதில் சொன்னேன். எழுத நேரமாகிறதென்று இளஞ்சியம் மைக் படத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

"தக்காளி இலை சுருளுகிறது, ஏன்?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்று சொன்னேன். ஆறுதலாக இருக்குமே என்று. அதற்குக் கீழ் ஓட்டு விழுந்தது. மற்ற ரெண்டையும் ஏகப்பட்ட பேர் பார்த்திருக்கிறார்கள், கண் படம் பக்கத்தில் எண்ணிக்கை போட்டிருக்கிறது. ஒருத்தரும் அமுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஜொகராவும் நானும் சேர்ந்துதான் அப்பளம் தேய்க்கிறோம். அவளிடம் புலம்பினேன்.

"நானும் அதுல பாப்பேன்க்கா, கறிவேப்பிலை வளரலன்னு. ஒருநாளும் அமுக்குனதில்ல" என்றாள்.

"ஏன்டி?"

"தோணலையே. கடையில புளி வாங்குறோம். நல்ல புளின்னா கடைக்காரனுக்குக் கைதட்டிட்டா வர்றோம்? நல்லாருந்தா மறுபடியும் அங்கேயே போறோம். அம்புட்டுத்தான்."

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"புளி தீந்துச்சுன்னா தெரியும்."

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

ஜனவரி 15, வியாழன்

துக்க வீடு, இந்த வருஷம் பொங்கல் கிடையாது. மகளும் மாப்பிள்ளையும் வந்திருக்கிறார்கள். தெருவில் ஏழு வீட்டிலிருந்து பொங்கல் வந்துவிட்டது. வைக்காத வீட்டில்தான் அதிகம் பொங்கல்.

மாடியிலிருந்து புடலங்காயைப் பறித்துக் கூட்டு வைத்தேன். இளஞ்சியம் பேசாமல் சாப்பிட்டாள். மூன்று தடவை வாங்கிக்கொண்டாள்.

"எப்படி?" என்று கேட்டேன். எனக்கே புதிதாக இருந்தது.

"ம்" என்றாள்.

எங்கள் வீட்டில் வாய் திறந்து நல்லாயிருக்கு என்று சொல்கிற பழக்கம் கிடையாது. உப்பு இல்லையென்றால்தான் சத்தம் வரும். இன்னொரு கரண்டி கேட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும்.

தெரிந்திருக்கும்.

ஜனவரி 18, ஞாயிறு

கூத்தைக் கேளுங்கள். அணில் வந்து தக்காளியைக் கடித்துவைக்கிறது, என்ன செய்யலாம் என்று ஒரு பெண் கேட்டிருந்தது. நான் மைக்கில் சொன்னேன்: அணிலுக்கு ஒரு தக்காளியைத் தனியாக வைத்துவிடுங்கள், அப்புறமும் கடிக்கத்தான் செய்யும், ஆனால் நாம் கொடுத்தது என்று மனசு ஆறிவிடும்.

மைக்குக்குக் காது மந்தம். மூணு சுழி கிடையாது அதற்கு. "அனிலுக்கு ஒரு தக்காளியைத் தனியாக வைத்துவிடுங்கள்" என்று எழுதிவிட்டது.

"யாரும்மா இந்த அனில்? உங்க வாடகைக்காரரா?" என்று ஒருத்தர்.

"எங்க ஆபீஸ்ல ஒரு அனில் இருக்காரு. அவருக்கும் இதே பிரச்சனைதான், எல்லார் டப்பாவுலயும் கை வைப்பாரு" என்று இன்னொருத்தர்.

சாயங்காலத்துக்குள் மேல் ஓட்டு மளமளவென்று விழுந்து பதினஞ்சு புள்ளி ஆகிவிட்டது. அக்கறையாக ரெண்டு பதில் சொன்னேன், சீந்த ஆளில்லை. தப்பாக ஒன்று சொன்னேன், ஊரே கூடிவிட்டது. உலகம் இப்படித்தான் ஓட்டுப் போடுகிறது போல.

ஜனவரி 20, செவ்வாய்

பதினஞ்சிலேயே நிற்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. நேராகவே கேட்டுவிட்டேன்: "இத்தனை பேர் படிக்கிறீர்கள். பிடித்திருந்தால் ஏன் ஓட்டுப் போடாமல் போகிறீர்கள்? பிடிக்கவில்லையா, மனசு வரவில்லையா?"

அடேயப்பா. எத்தனை பேர்!

செய்து பார்த்து, காய்த்த பிறகுதான் போடுவேன், காய்ப்பதற்குள் மறந்துவிடும் என்றார் ஒருத்தர். ஏற்கெனவே பத்துப் பேர் போட்டிருந்தால் நானும் போடுவேன், ஒருத்தரும் போடாததற்கு முதலில் போட பயமாக இருக்கிறது, தப்பாக இருந்தால் என் மானமும் சேர்ந்து போகுமே என்றார் இன்னொருத்தர். கல்யாணத்தில் மொய் மாதிரிதான் அம்மா, அவர் எனக்குப் போட்டார், நான் அவருக்குப் போடுகிறேன் என்று உண்மையைச் சொன்னார் ஒரு புண்ணியவான். செடிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டே படிப்பேன், கை ஈரம், அமுக்கினால் போன் கேட்காது என்றது ஒரு பெண். ஒரு பையன், "பதில் சொல்றவங்க எல்லாம் என் தாத்தா வயசு. அவங்களுக்கு மார்க் போட நான் யாரு?" என்று எழுதியிருந்தான். 

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளும் நெறியாளர் வந்து, "இது தோட்டம் தொடர்பான கேள்வி அல்ல. மூடப்படுகிறது" என்று பூட்டுப் போட்டுவிட்டார். பூட்டின கேள்விக்குப் புள்ளியும் கிடையாதாம். கல்யாணம் பாதியில் இருக்கும்போது மண்டபத்து ஆள் வந்து விளக்கை அணைத்த மாதிரி இருந்தது.

ஜனவரி 22, வியாழன்

பனி. அப்பளம் காயவில்லை. புள்ளியும் நகரவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

என் கண்ணாடி உடைந்துவிட்டது. புடலை பதிலுக்கு ஓட்டு வந்ததா என்று ஜொகராவைப் பார்க்கச் சொன்னேன். அவள் சும்மா பார்க்காமல் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"'பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நுனியில் சின்னக் கல்லைக் கட்டிவிடுங்கள். கனம் கூடினால் காம்பு அறுந்துவிடும். நைலான் கயிறு வேண்டாம், அறுக்கும். பூ கட்டி வரும் வாழைநாரும் வேண்டாம், காய்ந்தால் விட்டுவிடும். சணல்தான் சரி. கல்தான் முக்கியம்.' ஏங்க்கா, இதுக்கா இம்புட்டுப் பாடு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்... இருங்க, இன்னும் இருக்கு."

"போதும், குடு."

அவள் கொடுக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"'எங்கள் வீட்டில் கல் எடுப்பது என் மனைவி. கையில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவாள். இத்தனை வருஷத்தில் அவள் எடுத்த கல்லில் ஒரு காம்பும் அறுந்ததில்லை. காய் நேராக வந்தால் பாராட்டு எனக்கு வருகிறது. அது அவளுக்குச் சேர வேண்டியது. அவளிடம் நான் சொன்னதில்லை.'"

ஜொகரா போனைக் கீழே வைத்தாள். குழவியை எடுத்து ஒரு அப்பளம் தேய்த்தாள்.

"சணல் கயிறு நாலு பேருக்குப் பயன்படும்னீங்களேக்கா" என்றாள்.

"பயன்படும்தான்."

"நல்லாப் பயன்படும்க்கா" என்று சொல்லி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. மாவெல்லாம் கோணல்.

ஜனவரி 28, புதன்

காலையில் அவர் போன் 'டிங்'. ஓடிப்போய் எடுத்து, உடைந்த கண்ணாடியில் மிஞ்சிய ஒரு சில்லைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். புடலை பதிலில் முட்டை போய் ஒன்று வந்திருக்கிறது!

கூடவே ஒரு படம். ஒரு ஆள் உயரத்துக்குப் புடலங்காய், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக. நுனியில் சணல், சணலில் கல். பக்கத்தில் பூப்போட்ட நைட்டியும் துண்டுமாக ஒரு அம்மா. ஸ்டெல்லா.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க சொன்ன அன்னைக்கே படிச்சிட்டேன். பிஞ்சு வந்தப்ப கல்லும் கட்டிட்டேன். ஆனா ஓட்டுப் போடல. பிஞ்சைப் பாத்து விரல் நீட்டுனா வெம்பிப் போயிடும்னு எங்கம்மா சொல்லும். இந்த அம்பையும் விரலாலதானே அமுக்கணும்? நான் சர்ச்சுக்குப் போறவ, இதெல்லாம் நம்ப மாட்டேன். ஆனா பிஞ்சு நம்புதே! இன்னைக்குப் பறிச்சிட்டேன், அமுக்கிட்டேன். கல்லு எங்க வீட்டுக்காரர் எடுத்தாரு. மூணு காம்பு அறுந்துச்சு. உங்க வீட்டம்மாவுக்குத்தான் இந்த ஓட்டு, அவங்ககிட்ட சொல்லுங்க. ஐயா நல்லா இருக்கீங்களா? ஒரு வார்த்தை போடுங்க."

 மைக்கை அமுக்கினேன், விட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினேன்.

"நான் வீட்டம்மா. அவர் ஐப்பசியில் தவறிவிட்டார். இதுவரை இங்கே சொல்லவில்லை. உங்கள் காய் நேராக இருக்கிறது. அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்."

 அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதாகச் சொன்னவர், வேப்பம்புண்ணாக்குக்காரர், வெயிலில் நிற்க வேண்டாம் என்றவர், எல்லாரும். துக்கச் செய்திக்கு மேல் அம்பை அமுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லாரும் திண்டாடியிருக்கிறார்கள். ஒருத்தர் எழுதினார்: "இதுக்கு எப்படிம்மா ஓட்டுப் போடுறது? ஆனா படிச்சிட்டு சும்மா போகவும் மனசு வரல." கேள்வியைப் பூட்டின நெறியாளரும் வந்தார். "இதுவும் தோட்டம் தொடர்பானது அல்ல. ஆனால் மூடப்போவதில்லை" என்று எழுதியிருந்தார்.

ஜனவரி 30, வெள்ளி

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. போட்டுக்கொண்டு பார்த்தால் என் பேருக்குப் பக்கத்தில் பதினெட்டு! அனில் பதிலுக்கு யாரோ நேற்று ஒரு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். பேரை மறைத்துவிட்டார்கள். எனக்கு அந்த நெறியாளர் மேல் ஒரு சந்தேகம்.

"வயசுக்கு வந்துட்டீங்கக்கா. தெருவுக்கே புட்டு அவிக்கணும்" என்றாள் ஜொகரா.

"மூடுடி வாய."

"இப்ப எதுக்குக்கா போடப் போறீங்க? அதான் ஸ்டெல்லா ஒண்ணு போட்டுருச்சே. இனிமே அழியாதுல்ல?"

"அழியாது."

"பின்ன?"

"எலெக்‌ஷன்ல நாம போட்டாத்தான் ஜெயிப்பானா? தெரிஞ்சேதானே வெயில்ல வரிசையில நின்னுட்டு வர்றோம்."

கையை நன்றாகக் கழுவித் துடைத்தேன். ஈர விரலை அது கேட்காது. அவர் பதிலை எடுத்தேன். இனி விரல் நீட்டினாலும் வெம்பாது, காயைப் பறித்தாயிற்று. மேல் அம்பு. ரெண்டு தடவை சரிபார்த்தேன், மேல்தான். அமுக்கினேன். ஒன்று ரெண்டானது.

அரிசி டிரம் மேல் அவர் போன் 'டிங்' என்றது.

எப்படி என்று கேட்ட மாதிரியே இருந்தது.

"நல்லா இருக்கு" என்றேன், வாய் திறந்து.

"யார்கிட்டக்கா பேசுறீங்க?"

"மாவத் தேயிடி" என்றேன். "வெயில் வந்துருச்சு."